பல் ஆசியாவில், கல்லீரல் ஆப்பிரிக்காவில்

பயூமியின் கடைவாய்ப் பல் ஒன்று ரமலானுக்கு முன்பிருந்தே தொல்லை கொடுத்துக்கொண்டிருந்தது. அவன் அதைப் பொருட்படுத்தவில்லை. போர்ட் சயீதில் கால்வாயின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஆட்களை ஏற்றிப் போகிற படகில் அவனுக்குக் கயிறு பிடிக்கும் வேலை. படகு துறையை நெருங்கும்போது முதலில் குதிக்கிறவன் அவன்தான். கயிற்றைக் கட்டையில் சுற்றி இழுத்துக் கட்டிய பிறகுதான் மற்றவர்கள் இறங்க முடியும். இப்படிப்பட்ட வேலையில் இருப்பவன் பல்லைப் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார முடியாது. ஈறு வீங்கினால் கிராம்பைக் கடித்துக்கொண்டான். சீழ் வந்தால் கால்வாயில் துப்பினான். உலகத்துச் சரக்கெல்லாம் போகிற தண்ணீர், இதையும் கொண்டு போகட்டும் என்று விட்டுவிட்டான்.

பிறகு காய்ச்சல் வந்தது. காலையில் ஒன்றும் இருக்காது. பிற்பகல் பாங்கு சொல்லும் நேரத்துக்கு உடம்பு குளிர்ந்து, பற்கள் தடதடவென்று அடித்துக்கொள்ளும். வலப்பக்க விலாவுக்குக் கீழே யாரோ முட்டியை வைத்து அழுத்துவதுபோல் வலிக்கும். ஒருநாள் கையில் பிடித்திருந்த கயிறு அவனோடு சேர்ந்து நடுங்க, படகோட்டி ரயீஸ் அத்வா மேலேயிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்னடா பயூமி, எஞ்சின்தான் உதறுதோன்னு பாத்தேன். நீதானா?"

"லேசாக் குளிரு ரயீஸ்."

"ஜூன் மாசத்துல உனக்கு மட்டும் குளிரா? போடா, போய் ஆஸ்பத்திரியில காட்டு."

பயூமி வீட்டுக்குத்தான் போனான். அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனது அவன் மனைவி கரீமான்.

அந்த மருத்துவமனையைத் துறைமுகப் பெரிய ஆஸ்பத்திரி என்பார்கள். அந்த வருடம் அங்கே 'முழு மனிதன்' என்றொரு திட்டம் நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வாசலிலும், கழிப்பறை வாசல் உட்பட, ஒரு பலகை தொங்கியது: 'நாங்கள் உறுப்புகளைப் பார்ப்பதில்லை, மனிதனைப் பார்க்கிறோம்.' எல்லாத் துறைகளும் ஒரே கட்டடத்தில் இருந்தன, பல் துறையைத் தவிர. பல் துறைத் தலைவருக்கும் கல்லீரல் துறைத் தலைவருக்கும் லிஃப்டில் யார் முதலில் ஏறுவது என்பதில் தகராறு. அது முற்றி, பல் துறை கால்வாயைத் தாண்டி அக்கரையில் போர்ட் ஃபுவாதுக்குப் போய்விட்டது. போர்ட் சயீத் இருப்பது ஆப்பிரிக்கா, போர்ட் ஃபுவாத் இருப்பது ஆசியா. ஒரு லிஃப்டை முன்னிட்டுப் பற்கள் கண்டம் மாறிப் போனதில் மருத்துவமனைக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. 'இரு கண்டங்களில் சேவை' என்று புதிய பலகை ஒன்று எழுதி மாட்டினார்கள்.

பயூமியை முதலில் பார்த்தது டாக்டர் விஸாம். படிப்பை முடித்து அதிக நாள் ஆகாத பெண். தூக்கம் போதாத கண்கள். அவன் வயிற்றில் பசையைத் தடவிக் கருவியை வைத்துப் பார்த்தாள். கல்லீரலில் எலுமிச்சை அளவுக்குச் சீழ்க்கட்டி இருந்தது. ஊசியால் கொஞ்சம் உறிஞ்சினாள். அறை முழுவதும் ஒரு நாற்றம் எழுந்தது. பக்கத்துப் படுக்கைக்காரர் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டார்.

"இந்த வாடை எனக்குத் தெரியும் டாக்டரம்மா," என்றாள் கரீமான். "கொஞ்ச நாளா காலையில எழுந்ததும் இவன் என் மூஞ்சிக்கு நேரா வாயத் தொறந்து பேசினா வர்ற வாடைதான் இது."

விஸாம் சட்டென்று நிமிர்ந்தாள். "வாயத் தொறங்க அண்ணே."

திறந்தான். அவள் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்த மருத்துவமனையில் ஒரு டாக்டர் நோயாளியிடம் உட்கார்ந்து பேசி அவர்கள் பார்த்தது அதுவே முதலும் கடைசியும்.

"இது எல்லார் வாயிலயும் இருக்கற கிருமிதான். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல, காத்து படாத சந்துல குடியிருக்கும். பேசாம கெடக்கும். ஈறு புண்ணாச்சுன்னா அது வழியா ரத்தத்துல எறங்கிடும். அப்பறம் கல்லீரலோ, மூளையோ, இதயமோ, எங்க எடம் கெடைக்குதோ அங்க போய்ச் சீழ் கட்டும். சந்தர்ப்பவாதக் கிருமின்னு நாங்க சொல்வோம்."

"என் நாத்தனார் மாதிரின்னு சொல்லுங்க," என்றாள் கரீமான்.

"என் தங்கச்சிய எதுக்குடி இங்க இழுக்கற?" என்றான் பயூமி, வாயைத் திறந்தபடியே.

"மூணு வேலை செய்யணும்," என்றாள் விஸாம். "சீழ் வடியறதுக்கு இன்னிக்கே குழாய் வெச்சிடறேன். அந்தப் பல்லப் பிடுங்கணும். இந்தக் கிருமிக்குன்னு இருக்கற மாத்திரையக் குடுக்கணும். மூணும் நடந்துட்டா நீங்க கயிறு பிடிக்கப் போயிடலாம்."

"நடக்கலைன்னா?"

"ரத்தம் முழுக்கப் பரவிடும் அக்கா," என்று தணிந்த குரலில் சொன்னாள். கரீமான் அதற்குப் பிறகு நாத்தனாரைப் பற்றிப் பேசவில்லை.

குழாய் அன்றே வைத்தாயிற்று. மற்ற இரண்டுக்கும் துறைத் தலைவரின் சம்மதம் வேண்டும். மறுநாள் காலை கல்லீரல் துறைத் தலைவர் பேராசிரியர் முத்வல்லி வார்டுக்கு வந்தார். அவருக்கு முன்னால் ஒருவர் கதவைத் திறக்க, இன்னொருவர் அவருடைய காப்பியை ஏந்திவர, பின்னால் வெள்ளைக் கோட்டுகள் பதவி வரிசைப்படி வந்தன. வரிசையின் வால் இன்னும் படிக்கட்டில் இருந்தது. பேராசிரியர் நோயாளிகளைப் பார்ப்பதில்லை. பார்த்தால் தீர்ப்பு கலங்கிவிடும் என்பது அவர் கொள்கை. ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"அழகான கட்டி," என்றார். "அழகான கட்டி" என்று வரிசை முணுமுணுத்தது.

விஸாம் பல்லைப் பற்றிச் சொன்னாள். பேராசிரியர் படத்தை மெல்லக் கீழே இறக்கினார்.

"கல்லீரல் உடம்புக்கு அரசன், டாக்டர் விஸாம். அரசனோட மாளிகைக்குள்ள பல்லிடுக்குலேர்ந்து ஒருத்தன் ஏறி வந்து ஒக்காந்துட்டான்னு நான் எழுதிக் கையெழுத்துப் போடணுமா? அடுத்த மாநாட்டுல என் முகத்த நான் எங்க கொண்டுபோய் வெச்சுக்கறது?"

"முகம் கெடக்கட்டும் ஐயா," என்றாள் கரீமான். "இவன் உசுரு என்ன ஆவறது?"

பேராசிரியர் முதல்முறையாக அவளைப் பார்த்தார். பரிவோடுதான் பேசினார்.

"உயிர் எங்க துறை இல்லம்மா. அது தீவிர சிகிச்சை. கீழ்த்தளம். கட்டி கல்லீரல்ல வந்திருந்தா நான் பொறுப்பு. வாயிலேர்ந்து வந்ததுன்னா அது விருந்தாளி. விருந்தாளிய அனுப்பினவங்களே வந்து கூட்டிட்டுப் போகட்டும்."

அதனால் பயூமி, கல்லாபியா அங்கிக்குள் சீழ்ப் பையைக் கட்டிக்கொண்டு, தன் படகிலேயே பயணியாக ஆசியாவுக்குப் போனான். ரயீஸ் அத்வா அவனுக்கு நிழலில் இடம் ஒதுக்கினார். துறை நெருங்கியதும் பழக்கதோஷத்தில் பயூமி எழுந்து கயிற்றைத் தூக்கிவிட்டான். "உக்காருடா கழுதை, பை கிழிஞ்சிடும்," என்று மேலேயிருந்து சத்தம் வந்தது.

பல் துறையில் புது நாற்காலிகள் வந்திருந்தன. அவற்றைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை. வரப்போகும் தரச் சான்றுக் குழுவுக்காக அவை புதிதாகவே இருக்க வேண்டும் என்பதால் நோயாளிகளை மர ஸ்டூலில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். துறைத் தலைவி டாக்டர் ஷாஹினாஸ், அவன் வாய்க்குள் எட்ட நின்றபடி பார்த்தார்.

"பல்லு என்னுது. அத நான் மறுக்கல," என்றார். "ஆனா சீழ் கன்னத்தத் தாண்டிடுச்சு. கன்னத்தத் தாண்டின சீழுக்கு நாங்க எப்படிப் பொறுப்பாவோம்?"

"சீழு வேணாம் டாக்டரம்மா, அது குழாயில வருது," என்றாள் கரீமான். "நீங்க பல்ல மட்டும் பிடுங்குங்க."

"காய்ச்சல்காரங்க பல்ல நாங்க தொடறதில்ல. காய்ச்சல் இல்லன்னு முத்வல்லி சொல்லட்டும், அடுத்த நிமிஷம் பிடுங்கறேன்."

"பல்லப் பிடுங்கினாத்தான் காய்ச்சல் போகும்னு சொல்றாங்களே."

"அப்ப அவங்களே பிடுங்கிக்கட்டும். அவங்ககிட்ட லிஃப்டு இருக்கு." ஷாஹினாஸ் குரலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டார். "இத பாரும்மா. போன வருஷம் 'கிருமியற்ற வாய்' விருது வாங்கின துறை இது. விருது அங்க சுவத்துல தொங்குது. அதுக்குக் கீழ நின்னுக்கிட்டு, எங்க வாயிலேர்ந்துதான் கிருமி போச்சுன்னு நானே சொல்ல முடியுமா?"

பக்கத்தில் நின்ற இளம் பல் மருத்துவர் கிரில்லுஸ், கையுறை மாட்டிய விரலால் பயூமியின் ஈறை மெல்ல அழுத்திப் பார்த்தான். பயூமி ஸ்டூலிலிருந்து எழும்பிவிட்டான்.

"இதுக்கு மேல தள்ளிப் போடக் கூடாது மேடம்," என்றான் கிரில்லுஸ்.

"நாற்காலி உறையெல்லாம் சரியா இருக்கான்னு போய்ப் பாரு," என்றார் ஷாஹினாஸ்.

அந்த வாரம் பயூமி கண்டம்விட்டுக் கண்டம் பலமுறை போய்வந்தான். ஆப்பிரிக்காவில் காய்ச்சலுக்குக் காரணம் பல். ஆசியாவில் பல்லுக்குத் தடை காய்ச்சல். இடையில் படகில் மட்டும்தான் அவனுக்கு என்ன நோய் என்பதில் எல்லோரும் ஒத்துப்போனார்கள். படகில் மொச்சை வடை விற்பவன்கூடச் சொன்னான்: "பல்லப் பிடுங்கித் தொலைங்கப்பா."

மாத்திரை விஷயத்தில் வேறு சிக்கல். விஸாம் எழுதிய மாத்திரையை மருத்துவமனை மருந்தகம் தர மறுத்தது. கிருமிக்குப் பெயர் வேண்டுமாம். பெயரில்லாத கிருமிக்கு மருந்து கொடுத்தால் அது யாரைப் போய்ச் சேரும் என்று கேட்டார்கள். பெயர் சொல்ல வேண்டியது ஆய்வகம். ஆய்வகத் தலைவர் காற்றோட்டத்தில் நம்பிக்கை உள்ளவர். கடலைப் பார்த்த பெரிய ஜன்னல்கள் அங்கே எந்நேரமும் திறந்தே இருக்கும். விஸாம் காற்றுப் புகாமல் மூடி அனுப்பிய குப்பியைத் திறந்து ஜன்னலோரம் வைத்தார்கள். சில நாள் கழித்து, ஒன்றும் வளரவில்லை என்று முடிவு வந்தது.

கரீமானும் விஸாமும் ஆய்வகத்துக்கே போய்விட்டார்கள்.

"இது காத்து பட்டா செத்துடற கிருமி சார்," என்றாள் விஸாம். "அதனாலதான் மூடி அனுப்பினேன்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யோசிச்சுப் பேசுங்க டாக்டர். காத்து பட்டாலே செத்துப்போற ஒண்ணு, ஒரு முழு ஆளப் படுக்க வைக்குமா? அவ்வளவு பலவீனமான கிருமி மேல பழியப் போடலாமா?"

"ஆனா சார், சீழு..."

"வளர விருப்பம் இருந்திருந்தா அது என் தட்டுல வளந்திருக்கும். தீனி குடுத்தோம், வெளிச்சம் குடுத்தோம், கடல்காத்து குடுத்தோம். என்னோட ஆய்வகத்துல வளராதது கிருமியே இல்ல."

திரும்பி வரும்போது படிக்கட்டில் கரீமான் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. காலணியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். யாரை அடிப்பது என்று யோசிப்பவளைப்போல் இருந்தது. பிறகு மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"அந்த மாத்திர வெளியில கெடைக்குமா?" என்று கேட்டாள்.

"தெருமுனைக் கடையிலயே கெடைக்கும் அக்கா. வயித்துப்போக்குக்குக் குடுக்கறதுதான்."

"இத மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா நீ?"

விஸாமின் முகம் சிவந்தது. "உள்ள படுத்திருக்கறவங்களுக்கு வெளி மருந்து குடுக்கக் கூடாதுன்னு உத்தரவு," என்றாள். பிறகு ஒரு தாளைக் கிழித்து, எவ்வளவு, எத்தனை வேளை என்று எழுதிக் கொடுத்தாள். அன்று மாலையிலிருந்து கரீமான் மாத்திரைகளை அவித்த மொச்சைக்குள் புதைத்துக் கொண்டுவந்தாள்.

காய்ச்சல் கொஞ்சம் தணிந்தது. ஆனால் போகவில்லை. பல் இருந்த இடத்திலேயே இருந்தது.

இதற்குள் இரு துறைகளின் சண்டை இயக்குநர் காதுக்குப் போய், அவர் ஒரு குழு அமைத்திருந்தார். அதற்கு 'வாயின் எல்லை நிர்ணயக் குழு' என்று பெயர். நீள மேசை, பூ ஜாடி, ரவை இனிப்பு, தேநீர். மேசையின் தலைமாட்டில் சக்கர நாற்காலியில் பயூமியை வைத்தார்கள். யாருக்காவது சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்வதற்காக.

பேராசிரியர் முத்வல்லி, வாய் என்பது உதட்டில் தொடங்கிக் கல்லீரலின் வாசல்வரை நீள்கிறது என்றார். டாக்டர் ஷாஹினாஸ், வாய் என்பது பற்களின் முன்பக்கம் மட்டுமே என்றார். பின்பக்கத்தைக் காது மூக்கு தொண்டைத் துறை எடுத்துக்கொள்ளலாம். தொண்டைக்காரர், இனிப்பை மென்றுகொண்டிருந்தவர், அவசரமாக விழுங்கிவிட்டு, நாக்கைத் தவிர வேறெதையும் ஏற்க முடியாது என்றார். நாக்கு அசைகிற உறுப்பு. ஒருநேரம் முன்னால் இருக்கும், ஒருநேரம் பின்னால் இருக்கும். அதை எந்தத் துறையில் சேர்ப்பது என்பதிலேயே அந்தப் பிற்பகல் போயிற்று. பாங்கு கேட்டது. பயூமிக்குக் குளிர் தொடங்கியது.

"நான் ஒண்ணு சொல்லலாமா?" என்றான்.

"நோயாளி பேசறதுக்கு ஒரு துறை இருக்கு. மக்கள் தொடர்பு," என்றார் இயக்குநர். பிறகு அவனை உற்றுப் பார்த்தார். "இவரு எத்தன துறைக்குப் போய் வந்திருக்காரு?"

யாரோ சொன்னார்கள்: கல்லீரல், பல், ஆய்வகம், மருந்தகம், தொண்டை, நரம்பு. கண் துறைக்கும் வழிதவறி ஒருமுறை போயிருந்தான்.

இயக்குநர் எழுந்து நின்றார். அவர் முகத்தில் உண்மையான மகிழ்ச்சி தெரிந்தது.

"நண்பர்களே, தரக் குழு வந்தா, ஒரே நோயாளி எல்லாத் துறையிலயும் கவனிக்கப்பட்டதுக்கு ஒரு ஆளக் காட்டுங்கன்னு கேப்பாங்க. இத்தன நாளா தேடினோம். இத்தன துறைக்கும் போய்ட்டு உயிரோட இருக்கற ஒருத்தர் நமக்குக் கெடைக்கவே இல்ல. இவரு கெடைச்சிருக்காரு. இவருதான் நம்மோட முழு மனிதன். அவங்க வந்துட்டுப் போற வரைக்கும் இவரு மேல யாரும் கை வைக்காதீங்க. பல்லு கில்லு எதுவும் கொறையக் கூடாது. முழுசா இருக்கணும்."

குழு ஒருமனதாகக் கலைந்தது.

தரக் குழுவை வரவேற்கும் விழாவன்று பயூமிக்குப் புது கல்லாபியா போட்டு மேடையில் உட்கார வைத்தார்கள். கீழே தரக் குழு, மாநகரப் பெரிய மனிதர்கள், வாத்தியக்காரர்கள். பல் துறை நாற்காலிகளில் ஒன்று, உறையோடு, மேடைக்கு வந்திருந்தது. இயக்குநர் பேசப் பேச நிழல் சாய்ந்தது. பயூமியின் விரல் நுனிகள் நீலமாயின. முதலில் தாடை ஆடியது. பிறகு தோள். பிறகு நாற்காலி.

"பாருங்கள்," என்றார் இயக்குநர் ஒலிபெருக்கியில். "நன்றியுணர்ச்சியில் இந்த எளிய மனிதர் நடுங்குகிறார்."

கைதட்டல் எழுந்தது. பயூமி ஒலிபெருக்கியை நோக்கிக் கையை நீட்டினான்.

"குளிருது," என்றான். "யாராச்சும் என் பல்லப் பிடுங்குங்க."

"சிரிக்கச் சிரிக்கப் பேசுவார்," என்றார் இயக்குநர். கைதட்டல் இன்னும் பலமாயிற்று. அந்தச் சத்தத்துக்கிடையில் பயூமி பக்கவாட்டில் சரிந்து விழுந்தான். அவன் விழுந்ததும் துறைத் தலைவர்கள் எல்லோரும் எழுந்தார்கள். யாரும் முன்னால் வரவில்லை. விழுவது எந்தத் துறை என்பதில் தெளிவில்லை. கரீமான் மேடைமேல் ஏறி, அவன் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, கீழே இருந்த கூட்டத்தைப் பார்த்தாள்.

"இவன் சாகறதுக்கு நீங்க கை தட்டறீங்க," என்றாள். ஒலிபெருக்கி அருகில் இருந்ததால் அது எல்லோருக்கும் கேட்டது. வாத்தியக்காரர்களுக்குச் சைகை போக, அவர்கள் நாட்டுப்பண்ணைத் தொடங்கிவிட்டார்கள். எல்லோரும் அசையாமல் நிற்க வேண்டியதாயிற்று. அன்று மாலை மருத்துவமனைக்குத் தரச் சான்று கிடைத்தது.

விஸாம் வார்டில் அவனுக்கு நரம்பு வழியாக நீர் ஏற்றினாள். அவள் தொலைபேசியில் அழைத்ததால் கிரில்லுஸும் அக்கரையிலிருந்து வந்திருந்தான். கரீமானோடு மூன்று பேரும் நடைவழியில், 'மனிதனைப் பார்க்கிறோம்' பலகைக்குக் கீழே நின்றார்கள்.

"என் கட்டடத்துக்குள்ள மேடத்தக் கேக்காம நான் இவரத் தொட்டா நாளைக்கே வெளிய அனுப்பிடுவாங்க," என்றான் கிரில்லுஸ்.

"இங்க வேற துறை டாக்டர் கருவிய எடுத்தா முத்வல்லி என்னை வெளிய அனுப்பிடுவாரு," என்றாள் விஸாம்.

கரீமான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அந்தக் கரை உங்க மேடத்தோடது. இந்தக் கரை முத்வல்லியோடது," என்றாள். "நடுவுல இருக்கற தண்ணி யாரோடது?"

மறுநாள் காலை, காய்ச்சல் இல்லாத நேரமாகப் பார்த்து, பயூமியைப் படகில் ஏற்றினார்கள். படகு கால்வாயின் நடுவுக்கு வந்ததும் ரயீஸ் அத்வா எஞ்சினை வேகம் குறைத்துவிட்டு, மேலேயிருந்து குனிந்து பயணிகளிடம் சொன்னார்: "கொஞ்சம் லேட்டாகும். ஆபீஸுக்குப் போறவங்க என் மேல பழி சொல்லிக்கங்க."

பயூமி கயிற்றுச் சுருளின்மேல் உட்கார்ந்தான். கிரில்லுஸ் மரத்துப்போகும் ஊசியைப் போட்டான். ஆடுகிற தரையில் அவன் பல் பிடுங்கியதில்லை. விஸாம் பயூமியின் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். பயணிகள் சுற்றி நின்று யோசனை சொன்னார்கள்.

"வலது பக்கம் சாய்ச்சுப் பிடி தம்பி."

"அவன் டாக்டரா நீ டாக்டராய்யா?"

"நான் டாக்டர் இல்ல, தச்சன். ஆணி பிடுங்கத் தெரியும்."

தூரத்தில் ஒரு எண்ணெய்க் கப்பல் ஊதியது. அதன் அலை வந்து படகைத் தூக்கிய கணத்தில் கிரில்லுஸ் இழுத்தான். பல் வந்தது. அதன் அடியிலிருந்து வந்த நாற்றத்தில் தச்சர் உட்பட எல்லோரும் இரண்டடி பின்வாங்கினார்கள். ஒரு கிழவி கைப்பையிலிருந்து அத்தரை எடுத்துக் கரீமானின் தலைத்துணியில் தெளித்தாள். பயூமி ரத்தத்தைத் துப்பிவிட்டு, வெகுநேரம் மூச்சை உள்ளே இழுத்து வெளியே விட்டான்.

"முடிஞ்சுதா?" என்றான்.

"முடிஞ்சுது அண்ணே," என்றான் கிரில்லுஸ். அவன் போய்ப் படகின் ஓரத்தில் வாந்தி எடுத்தான்.

மூன்றாம் நாள் பிற்பகல் பாங்கு கேட்டபோது பயூமி குளிருக்காகக் காத்திருந்தான். அது வரவில்லை. குழாயில் சீழ் குறைந்துகொண்டே வந்து நின்றது. பேராசிரியர் முத்வல்லி புதுப் படத்தை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, கல்லீரல் தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்ளும் அரசன் என்று வரிசைக்கு விளக்கினார். டாக்டர் ஷாஹினாஸ் தம் துறையின் முன்னெச்சரிக்கையால்தான் பல் உரிய காலத்தில் விழுந்தது என்று சொன்னதாகக் கேள்வி. ஆய்வகத் தலைவர், நான் அப்பவே கிருமி இல்லைன்னு சொன்னேனே என்றார்.

ஆனால் படகில் யாரோ படம் எடுத்திருந்தார்கள். அது ஊரெல்லாம் சுற்றியது. கயிற்றுச் சுருள்மேல் ஒருவன் வாயைத் திறந்திருக்க, இரண்டு டாக்டர்கள், பின்னால் பெரிய கப்பல். இயக்குநர் விஸாமையும் கிரில்லுஸையும் அழைத்தபோது இருவரும் வேலை போய்விட்டது என்றே நினைத்துப் போனார்கள். இயக்குநர் அந்தப் படத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்.

"ஜனங்க பாராட்டறாங்க," என்றார். "இரண்டு துறைக்கும் நடுவுல இப்படி ஒரு எடம் காலியாக் கெடந்தது எனக்கு இத்தன நாளாத் தெரியாமப் போச்சு. சும்மா கெடந்தா வேற யாராவது வந்து உக்காந்துடுவாங்க. நாமளே உக்காந்துடுவோம்."

அப்படியாக 'மிதக்கும் இடைநிலைத் துறை' பிறந்தது. அதற்குத் தலைவராக இயக்குநரின் மைத்துனர் வந்தார். விஸாமை சினாய்ப் பாலைவனத்தில் ஒரு சுகாதார நிலையத்துக்கு மாற்றினார்கள். பதவி உயர்வு என்றார்கள். கிரில்லுஸுக்குப் புதுத் துறையில் நாற்காலிகளின் உறையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு. ரயீஸ் அத்வாவின் படகில் பாதி இடத்தை வெள்ளைத் திரை போட்டு மறைத்தார்கள். பயணிகள் மீதிப் பாதியில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

உடம்பு தேறிய பயூமி ஒரு காலையில் வேலைக்குத் திரும்பினான். அவன் வருகிறான் என்று, இத்தனை நாள் மாற்றாகக் கயிறு பிடித்தவனை அத்வா நிறுத்திவிட்டிருந்தார். கரீமான் கூடவே வந்தாள், தனியாக விட மனமில்லாமல். போர்ட் சயீத் படகுத்துறையில் புதிதாக ஒரு தடுப்பும் ஜன்னலும் முளைத்திருந்தன. படகு அக்கரையிலிருந்து வந்துகொண்டிருந்தது. அன்று மிதக்கும் துறையின் திறப்பு விழா. இயக்குநர், மைத்துனர், முத்வல்லி, ஷாஹினாஸ், வாத்தியக்காரர்கள் எல்லோரும் படகில் இருந்தார்கள். கொடிகள் ஆடின.

பயூமி தடுப்பைத் தாண்டப் போனான். ஜன்னலுக்குள்ளிருந்து ஒருவன் கையை நீட்டினான்.

"எந்த உறுப்பு?"

"உறுப்பு இல்லப்பா. நான் இந்தப் படகுல வேலை பாக்கறவன். கயிறு."

"பல்லா, கல்லீரலா? ரெண்டுல ஒண்ணு சொல்லணும்."

"ரெண்டும் சரியாயிடுச்சு. கயிறு பிடிக்கணும், விடு. படகு வந்துட்டிருக்கு."

ஜன்னல்காரன் தன் முன்னாலிருந்த பலகையை மேலிருந்து கீழாகப் பார்த்தான். "கயிறுக்கு இன்னும் பிரிவு ஆரம்பிக்கல அண்ணே. அங்க உக்காருங்க, கூப்பிடறேன்."

கரீமான் வாயைத் திறந்தாள். பயூமி அவள் கையைப் பிடித்துக்கொண்டு போய் மரப் பெஞ்சில் உட்கார்ந்தான்.

படகு துறைக்கு வந்தது. ரயீஸ் அத்வா மேலேயிருந்து விசில் அடித்தார். கயிற்றின் நுனியைப் படகிலிருந்து ஒருவன் கரைக்கு வீசினான். கரையில் வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். கயிறு அவர்கள் காலடியில் வந்து விழுந்தது. ஒருவர் அடுத்தவரைப் பார்த்தார். அது மெல்லச் சறுக்கித் தண்ணீருக்குள் போயிற்று. படகு கட்டையில் இடித்து, பின்வாங்கி, நீரோட்டத்தில் இழுபட்டு விலகியது. வாத்தியம் நின்றது. இயக்குநர் ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்; காற்று அதை அக்கரைக்குக் கொண்டு போய்விட்டது.

"பயூமி," என்று கத்தினார் அத்வா. "டேய் பயூமி, எங்கடா தொலைஞ்ச?"

பயூமி ஜன்னலைப் பார்த்தான். இன்னும் கூப்பிடவில்லை.

படகு இரண்டாம் தடவை நெருங்கி வந்து, இரண்டாம் தடவை விலகிப் போயிற்று. பேராசிரியர் முத்வல்லி கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. முகம் பச்சையாக இருந்தது. கரீமான் மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து, மொச்சை வைத்த ரொட்டியை இரண்டாகக் கிழித்து, பெரிய பாதியை அவனிடம் நீட்டினாள்.

"சாப்பிடு," என்றாள். "அவங்க இப்போதைக்கு எறங்க மாட்டாங்க."

பயூமி வாங்கி, பல் போன பக்கத்தில் வைத்து மெதுவாக மென்று பார்த்தான். வலிக்கவில்லை.